சுண்ணாம்பு ஊரில் ஒரு எலுமிச்சை

அரியலூர் மாவட்டத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது லாரி. முன்னால் லாரி, பின்னால் லாரி, ஓவர்டேக் செய்யலாமா என்று எட்டிப் பார்த்தால் எதிரில் லாரி. ஒவ்வொன்றின் மூக்கிலும் ஒரு கயிறு தொங்கும். அதில் நாலு பச்சை மிளகாய், ஒரு எலுமிச்சம்பழம். திருஷ்டிக்கு. முதுகில் குட்டி மலை மாதிரி சுண்ணாம்புக்கல்.

எலுமிச்சையும் சுண்ணாம்பும் சண்டை போடாமல் ஒன்றாகப் பயணம் செய்வது இந்த லாரிகளில் மட்டும்தான். இரண்டையும் இறக்கி ஒரே மண்ணில் விட்டால் போச்சு! மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவப்பாகும் என்பது ஆரத்தி கரைத்த எல்லோருக்கும் தெரியும். பச்சையும் சுண்ணாம்பும் சேர்ந்தால் மஞ்சளாகும் என்பது ரெட்டிபாளையம் பக்கம் எலுமிச்சங்கன்று நட்டவர்களுக்குத்தான் தெரியும்.

எனக்கு அது தெரிய வந்தது மாமாவின் புண்ணியத்தில். மாமா என்றால் அக்காவின் கணவர். அந்த வட்டாரத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசர். ரெட்டிபாளையத்தில் ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்து அக்காவையும், நாலாவது படிக்கிற மகளையும் குடிவைத்திருந்தார். கொல்லைப்புறத்தில் கொஞ்சம் வெற்றிடம். குடிவந்த மாதமே அங்கே ஒரு எலுமிச்சங்கன்று வைத்தார்.

வாடகை வீட்டில் யாராவது மரம் வைப்பார்களா சார்? நாமெல்லாம் வாடகை வீட்டில் ஆணி அடிப்பதற்கே ஓனரிடம் பர்மிஷன் கேட்கிற ஜாதி. மாமா கேட்கவில்லை. வைத்துவிட்டார். விதைக்கன்று எலுமிச்சை காய்க்க மூன்று, நான்கு வருடம் ஆகும். கான்ட்ராக்ட் வேலையோ வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியது. இந்தக் கணக்கை அவரிடம் சொன்னால், "காய்க்கிறப்ப பாத்துக்கலாம் மாப்ளே" என்பார்.

நான் சென்னையில் ஒரு ஆபீஸில் ஃபைல் தள்ளுகிறவன். போன ஆடிக்கு அக்கா கூப்பிட்டாள் என்று போனேன். எழும்பூரில் ரயில் ஏறினால் விழுப்புரம், விருத்தாசலம் வழியாக அரியலூர். ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டு போய் ஜெயங்கொண்டம் பஸ் பிடித்து, வி.கைகாட்டி என்ற இடத்தில் இறங்க வேண்டும். ஊருக்கே பெயர் கைகாட்டி! வழி கேட்கிற வேலையே இல்லை.

இந்தப் பக்கத்துக்காரர்களிடம் "உங்க மாவட்டம் எது?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். 1995 வரை திருச்சி. அப்புறம் பெரம்பலூர். 2001-ல் அரியலூர். 2002-ல் மறுபடி பெரம்பலூர். 2007-ல் மீண்டும் அரியலூர். ஊர் ஒரு இஞ்ச் நகரவில்லை. லெட்டர்பேடு மட்டும் மாறிக்கொண்டே இருந்தது.

ஆனால் லெட்டர்பேடு வருவதற்கு முன்னால், மனிதன் வருவதற்கும் முன்னால், இங்கே கடல் இருந்தது. கதை இல்லை, நிஜம். சுமார் 7 கோடி வருடங்களுக்கு முன் இந்த இடமெல்லாம் கடலடி. அரியலூரை ஒட்டிய கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லில் சிப்பிகள் அடை அடையாகப் பதிந்து கிடக்கின்றன. 1840-களிலேயே கே, கன்லிஃப் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள் திருச்சி, விருத்தாசலம், புதுச்சேரி பக்கத்துப் புதைபடிவங்களைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்பவர் அவற்றை ஆராய்ந்து 1846-ல் எழுதினார். 1860-களில் பிளான்ஃபோர்டு இந்தப் பாறைகளை விவரமாக எழுதிவைத்தார். இப்போது வாரணவாசியில் இதற்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. சுருள் சுருளாக முறுக்கு மாதிரி இருக்கிற அம்மோனைட்டைப் பார்த்தால், கடலைப் பார்க்காத குழந்தைகூட அலைச் சத்தத்தைக் கேட்கும்.

கடல் வற்றியது. சிப்பி மிஞ்சியது. சிப்பி சுண்ணாம்பானது. சுண்ணாம்பைத் தேடி சிமென்ட் ஆலைகள் வந்தன. அரியலூரில் அரசாங்கத்தின் டான்செம் ஆலை 1979-ல் வந்தது. ரெட்டிபாளையத்தில் இருப்பது அல்ட்ராடெக். சென்னையில் நீங்கள் இ.எம்.ஐ. கட்டிக்கொண்டிருக்கிற ஃபிளாட்டின் சுவரில் அந்தப் பழைய கடலில் ஒரு கைப்பிடி இருந்தாலும் இருக்கும்.

இந்தக் கடலடியில்தான் மாமா எலுமிச்சை வைத்தார்.

* * *

நான் போய்ச் சேர்ந்தபோது மரத்துக்கு நாலு வயது. என் உயரம்தான் இருந்தது. நான் அப்படியொன்றும் உயரமில்லை. முள் மட்டும் தாராளம். இலையெல்லாம் வெளிறிய மஞ்சள். தூரத்திலிருந்து பார்த்தால் பூத்திருக்கிறதோ என்று தோன்றும். கிட்டப் போனால்தான் விஷயம் தெரியும்.

"என்ன மாமா, மஞ்சள் காமாலையா?"

மாமா சிரிக்கவில்லை. அக்காதான் சொன்னாள். "சும்மா இருடா. ஆயா தவணை குடுத்துருக்கு. தை பொறந்து காய்க்கலைன்னா வெட்டிப்புட்டு, அந்த எடத்துல ஆடு கட்டுவேன்னு சொல்லிருச்சு."

ஆயா என்பது வீட்டுக்கார அம்மா. எழுபது வயதுக்குக் குறையாது. பக்கத்துப் போர்ஷனில் தனியாக இருக்கிறார். நாலு ஆடு, இரண்டு குட்டி. வாடகையைத் தேதி தவறாமல் வாங்கிக்கொள்வார். ஓடு உடைந்தால் தேதியே சொல்ல மாட்டார். மற்றபடி தங்கமான மனுஷி.

மரத்தைக் காப்பாற்ற ஊரே ஆலோசனை சொல்லியிருந்தது. நம் நாட்டில் ஃபீஸ் இல்லாமல் கிடைப்பது இரண்டு: வைத்தியம், தோட்டக்கலை. டீக்கடைக்காரர், "வேர்ல நாலு இரும்பு ஆணி அடிங்க சார், கருகருன்னு வரும்" என்றார். மாமா அடித்தார். உரக்கடைக்காரர் யூரியா என்றார். அதையும் போட்டார். எதிர் வீட்டுக்காரர், "தண்ணி போதலை" என்றார். அன்றிலிருந்து காலையில் நாலு குடம், மாலையில் நாலு குடம் போர்த் தண்ணீர். கன்று விற்ற நர்சரிக்காரரிடம் போய்க் கேட்டதற்கு, "உங்க கைராசி எப்படியோ" என்று சொல்லிவிட்டாராம். இத்தனை உபசாரத்துக்குப் பிறகும் மரம் மாப்பிள்ளை முறுக்கோடு மஞ்சளாகவே நின்றது.

அன்று சாயங்காலம் ஆயா திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். நான் மெல்ல ஆரம்பித்தேன்.

"ஏன் ஆயா, பாவம் அது பாட்டுக்கு நிக்குது. எதுக்கு வெட்டணும்?"

ஆயா சுண்ணாம்பு தடவிய விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"இது மூணாவது மரம்யா. எங்க வூட்டுக்காரரு ரெண்டு வச்சாரு. ரெண்டும் இப்புடித்தான். மொதல்ல கொழுந்து மஞ்சளாவும். அப்பறம் வெள்ளையா போவும். நுனியிலேருந்து காயும். ரெண்டாவது மரம் காஞ்ச வருசந்தான் அவரும் போனாரு. இந்த மண்ணு புளிப்ப ஏத்துக்காதுய்யா. மூணாவதையும் நான் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கணுமா?"

ஆடு கட்ட இடம் வேண்டும் என்பது வெளியே சொல்கிற காரணம். அதற்கு மேல் நான் பேசவில்லை. உள்ளே போய்விட்டேன்.

* * *

மறுநாள் மாமாவும் நானும் ஒரு கிளையை ஒடித்து பாலிதீன் பையில் போட்டுக்கொண்டு, கையளவு மண்ணும் எடுத்துக்கொண்டு, வேளாண்மை அலுவலகம் ஒன்றுக்குப் போனோம். ஒரு இளைஞர் இருந்தார். என் வயதுதான் இருக்கும். பையைப் பிரித்துப் பார்த்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"புது இலை மஞ்சளா இருக்கா, பழைய இலை மஞ்சளா இருக்கா?"

நாலு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி! மாமா யோசித்துவிட்டு, "கொழுந்துதான் சார் மோசம். அடியில இருக்குற முத்தல் இலை கொஞ்சம் பச்சையாத்தான் இருக்கு" என்றார்.

அவர் ஒரு இலையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இலை மஞ்சள், ஆனால் நரம்புகள் மட்டும் பச்சை. கொசுவலையைப் பச்சை நூலால் பின்னியது மாதிரி.

"யூரியா பத்தலைன்னா பழைய இலைதான் முதல்ல மஞ்சளாகும். செடி பழைய இலையிலேருந்து சத்தை உருவி கொழுந்துக்குக் குடுத்துரும். அம்மாக்கள் சாப்பாட்டை புள்ளைக்கு எடுத்து வைக்கிற மாதிரி. இரும்புச் சத்து அப்படி நகராது சார். அதனால இரும்பு குறைஞ்சா கொழுந்துதான் அடி வாங்கும். நரம்பு பச்சை, நடுவுல மஞ்சள். இது இரும்புதான்."

"ஆணி அடிச்சேனே சார்?"

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஒரு தட்டில் எங்கள் மண்ணைப் பொடித்துப் பரப்பினார். மேஜை டிராயரைத் திறந்து (லஞ்ச் பாக்ஸுக்குப் பக்கத்தில் இருந்தது) ஒரு எலுமிச்சை மூடியை எடுத்து அதன் மேல் பிழிந்தார். "காதை வச்சுக் கேளுங்க."

வைத்தோம். மெல்லிசாக ஒரு 'சொர்ர்ர்'. பார்த்தால் மண்ணில் கடுகு கடுகாக நுரைக் குமிழ்கள். கோலி சோடாவில் இருப்பது எந்த வாயுவோ, அதே வாயு. புளிப்பு பட்டால் சுண்ணாம்பு கரைந்து கார்பன் டை ஆக்ஸைடை வெளியே விடுகிறது. நல்ல தோட்ட மண்ணில் இந்தச் சத்தம் வராது.

"மண்ணுல இரும்பு இல்லாம இல்லை சார். நிறையவே இருக்கு. ஆனா சுண்ணாம்பு பிடிச்சு வச்சிருக்கு. வேருக்குக் கிடைக்காது."

இந்த இடத்தில் எனக்கு எல்லாம் பளிச்சென்று புரிந்துவிட்டது. ஏனென்றால் நான் ஆபீஸில் வேலை பார்க்கிறவன். அரியர்ஸ்! பணம் சாங்ஷன் ஆகிவிட்டது. ஜி.ஓ. வந்துவிட்டது. கணக்கில் இருக்கிறது. ஆனால் நம் கைக்கு வராது. நடுவில் ஒரு சீட்டில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அரியலூர் மண்ணில் இரும்பு அரியர்ஸில் இருக்கிறது. சுண்ணாம்புதான் அந்த சீட்டில் உட்கார்ந்திருக்கிற ஆசாமி.

விஞ்ஞானப்படி சொன்னால், மண்ணின் புளிப்பு-காரத்தை அளக்கிற பி.எச். என்ற அளவு ஒவ்வொரு எண் ஏறும்போதும், தண்ணீரில் கரைகிற இரும்பு ஆயிரம் மடங்கு குறையும். எலுமிச்சைக்கு ஆறு, ஆறரை என்றால் சொர்க்கம். எங்கள் மண் எட்டைத் தாண்டியிருந்தது. ஆணி அடித்தாலும் அதே கதிதான். துருப்பிடித்து, அந்தத் துருவும் அரியர்ஸில் போய்ச் சேரும்.

அப்புறம் எட்டுக் குடம் தண்ணீர் விஷயம். அதைக் கேட்டதும் அந்த இளைஞர் தலையில் கை வைத்துக்கொண்டார். சுண்ணாம்பு மண்ணில் தண்ணீர் தேங்கினால் பைகார்பனேட் பெருகும். அது இரும்பை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். போர்த் தண்ணீரிலேயே ஏற்கெனவே அது உண்டு. அடுப்பில் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் சாட்சி. பாசம் அதிகமாகிப் பையன் கெட்டுப்போன கதை.

* * *

எலுமிச்சைக்கு ஏன் இந்த மண்ணோடு இத்தனை பகை? அதன் பூர்வீகத்தைப் பார்த்தால் தெரியும். எலுமிச்சை, நார்த்தை, ஆரஞ்சு எல்லாம் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்தின் சொந்த ஊர் இமயமலையின் தென்கிழக்கு அடிவாரம் - அஸ்ஸாம், மேகாலயா, பர்மா, சீனாவின் யுனான் பக்கம். 2018-ல் வெளியான மரபணு ஆராய்ச்சி, சுமார் 80 லட்சம் வருடங்களுக்கு முன் அங்கேதான் இந்தக் குடும்பம் கிளை பிரிந்தது என்கிறது. மேகாலயாவின் நோக்ரெக்கில் காட்டு ஆரஞ்சுக்கென்றே ஒரு சரணாலயம் இருக்கிறது.

அங்கே மழை கொட்டோ கொட்டென்று கொட்டும். மண்ணில் இருக்கிற சுண்ணாம்பையெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். மண்ணே லேசாகப் புளித்திருக்கும். இரும்பு கேட்டவுடன் கிடைக்கும். அப்படி வளர்ந்த குடும்பத்துப் பிள்ளையை, சொல்லாமல் கொள்ளாமல் 7 கோடி வருடத்துச் சிப்பி மேட்டுக்கு டிரான்ஸ்ஃபர் செய்தால்? நம்மை டிரான்ஸ்ஃபர் செய்தால் நாமாவது லீவ் லெட்டர் கொடுக்கலாம். மரம் மஞ்சளாகிக் காட்டுகிறது.

இந்த வியாதியை முதலில் கண்டுபிடித்தவர் தமிழ்நாட்டுக்காரர் இல்லை. பிரான்ஸில் யூசெப் கிரிஸ் என்பவர். வெளிறிப்போன இலைமேல் இரும்பு உப்புக் கரைசலைத் தடவினால் பச்சை திரும்புகிறது என்று 1840-களில் நிரூபித்தார். வேடிக்கையைப் பாருங்கள். அதே 1840-களில்தான் கே-யும் கன்லிஃபும் நம் பக்கத்துச் சிப்பிகளைப் பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தார்கள். நோய்க்குக் காரணம் லண்டனுக்குக் கப்பலேறிய சமயத்தில், மருந்து பிரான்ஸில் தயாராகிவிட்டது. இரண்டும் ரெட்டிபாளையத்துக் கொல்லையில் சந்திக்க இத்தனை வருடம்.

அந்த இரும்பு உப்புக்கு நம் ஊர்ப் பெயர் அன்னபேதி. நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். மண்ணில் போட்டால் வீண். இலையில்தான் தெளிக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி, 1 கிராம் சிட்ரிக் அமிலம். சிட்ரிக் அமிலம் எது? மளிகைக் கடையில் 'லெமன் சால்ட்' என்று விற்கிறார்களே, அதுதான். எலுமிச்சைக்குள் இருக்கிற புளிப்பும் அதேதான்! இரும்பு துருவாகிப் படிந்துவிடாமல் கரைசலிலேயே இருக்க அது துணை செய்யும். அதாவது எலுமிச்சையின் நோய்க்கு எலுமிச்சையே பாதி மருந்து.

மாமா பாக்கெட் டைரியில் எழுதிக்கொண்டதை அப்படியே தருகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு மஞ்சள் மரம் இருந்தால் உதவும்.

தண்ணீரில் முதலில் லெமன் சால்ட், அப்புறம் அன்னபேதி. அன்னபேதி இளம்பச்சைக் கல்கண்டு மாதிரி இருக்க வேண்டும். பழுப்பாக இருந்தால் காற்றுப் பட்டுக் கெட்டது, வேண்டாம். கரைத்த அன்றே தெளித்துவிட வேண்டும். காலையிலோ வெயில் தாழ்ந்தோ தெளிக்கணும். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும். அளவு கூட்டினாலும் கருகும். கொழுந்து விடுகிற சமயத்தில் 10, 15 நாளுக்கு ஒரு தரம், இரண்டு மூன்று தடவை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தெளிக்கக் கூடாது, கறை போகாது. (இந்த வரிக்கு மட்டும் மாமா இரண்டு கோடு போட்டிருந்தார்.)

நான் ஒரு சந்தேகம் கேட்டேன். "மண்ணையே மாத்திட முடியாதா? கந்தகம் போட்டா புளிப்பாகும்னு சொல்றாங்களே?"

அவர் ஒரு தாளில் கணக்குப் போட்டார். ஒரு மீட்டர் நீளம், அகலம், ஆழம் மண் சுமார் 1,300 கிலோ. அதில் சுண்ணாம்பு வெறும் 1 சதவீதம் என்று வைத்தாலே 13 கிலோ. அதைக் கரைத்துத் தீர்க்க 4 கிலோ கந்தகம் வேண்டும். மரத்தின் வேரோ அந்த ஒரு மீட்டரோடு நிற்காது. சுண்ணாம்போ இந்தப் பக்கம் 1 சதவீதத்தோடு நிற்காது. "சிமென்ட் கம்பெனியே பல வருஷமாத் தோண்டியும் தீராத சுண்ணாம்பு சார். நீங்க ஒரு பாக்கெட் கந்தகத்துல தீர்த்துருவீங்களா?"

அதற்குப் பதில் அவர் சொன்னது இது. தண்ணீரை வாரம் இரண்டு தடவையாகக் குறைக்க வேண்டும். மண் லேசாகக் காய்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீர். தண்டைத் தொட்டு ஊற்றாமல், நிழல் விழுகிற ஓரத்தில் வட்டமாக ஊற்ற வேண்டும். தண்டில் ஈரம் நின்றால் பிசின் வடிந்து அழுகும். மக்கிய தொழு உரம், சருகு மூடாக்கு. புதிதாக நடுகிறவர்கள் பள்ளத்தில் நடாமல் மேட்டுப் பாத்தி கட்டி நட வேண்டும். அல்லது டிரம்மை வெட்டி, சுண்ணாம்பில்லாத செம்மண்ணும் தொழு உரமும் கலந்து, அடியில் ஓட்டை போட்டு அதில் வைக்கலாம். ஒட்டுக்கன்று வாங்கினால் வேர்க்கட்டை என்ன ரகம் என்று கேட்க வேண்டும். ரங்கபூர் எலுமிச்சை வேர் சுண்ணாம்பைக் கொஞ்சம் தாங்கும். கடையில் 'இரும்பு செலேட்' என்று விற்பதில் இ.டி.டி.ஏ. இலைக்கு மட்டும் சரி; இந்த மண்ணில் ஊற்ற வேண்டுமென்றால் இ.டி.டி.எச்.ஏ. என்று போட்டிருக்க வேண்டும். விலை கூட. ஸ்பெயினிலும் இஸ்ரேலிலும் சுண்ணாம்பு நிலத்து ஆரஞ்சுத் தோட்டங்களில் அதைத்தான் ஊற்றுகிறார்கள்.

கிளம்பும்போது அவர் சொன்ன கடைசி வார்த்தைதான் மாமாவைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது. "இது ஒரு தடவை பண்ணி முடிக்கிற வேலை இல்லை சார். மண்ணு மாறாது. மரம் இருக்கிற வரைக்கும், ஒவ்வொரு கொழுந்துக்கும், யாராவது ஒருத்தர் தெளிச்சுக்கிட்டே இருக்கணும்."

* * *

பொங்கலுக்கு மறுபடி போனேன். அக்காவைப் பார்க்கத்தான் என்று சொல்லிக்கொண்டாலும், பையைத் திண்ணையில் வைத்துவிட்டு நேரே கொல்லைக்குத்தான் நடந்தேன்.

பழைய மஞ்சள் இலைகள் பாதி அப்படியே இருந்தன. தெளித்த இலைதான் பச்சையாகும். ஆனால் நுனியெல்லாம் கரும்பச்சையாகப் புதுத் தழை. கசக்கி மோந்தால் ஊறுகாய் ஜாடியைத் திறந்த மாதிரி வாசனை. ஏழெட்டு இடத்தில் அரிசி மாதிரி வெள்ளை மொட்டு.

மரத்துக்குக் கீழே என் அக்கா மகள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தாள். உள்ளே பறவை எச்சம் மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. எச்சம் நகர்ந்தது!

"இது எலுமிச்சைப் பட்டாம்பூச்சியோட புழு மாமா. சின்னதுல எச்சம் மாதிரி இருக்கும், காக்கா திங்காது. பெரிசானா பச்சையாயிரும். அப்பா கொல்லச் சொன்னாங்க. நான் தினம் பொறுக்கி இதுல போட்டு, காட்டுக் கறிவேப்பிலை குடுக்குறேன்."

மருந்தடிக்காமல் புழுவை ஒழிக்க இதைவிட நல்ல ஏற்பாடு எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை. இதுவரை ஆறு பட்டாம்பூச்சி விட்டாளாம். அந்த ஆறும் திரும்பி வந்து இதே மரத்தில்தான் முட்டையிடும் என்பதை நான் சொல்லவில்லை.

தை முதல் தேதி. ஆயா குளித்து, விபூதி பூசி, கொல்லைக்கு வந்தார். நாங்கள் எல்லோரும் எங்கோ பார்ப்பது மாதிரி நின்றோம். மாமா முகம் இன்கிரிமென்ட் லெட்டரைப் பிரிக்கிறவர் முகம் மாதிரி இருந்தது. ஆயா மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். ஒரு கொழுந்தைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தார். புரட்டி அடிப்பக்கம் பார்த்தார். மொட்டைத் தொடவில்லை. ஒன்றும் பேசவில்லை. திரும்பிப் போனார்.

அரை மணி கழித்துத் தெருவில் 'டொக் டொக்' என்று சத்தம். ஆயா வாசல் வேப்ப மரத்தடியில் ஆட்டுக்கு முளைக்குச்சி அடித்துக்கொண்டிருந்தார்.

* * *

கதை இங்கே முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கான்ட்ராக்ட் வேலை கதைக்கெல்லாம் காத்திருக்காது. வைகாசியில் மாமாவின் கான்ட்ராக்டருக்கு வேறு மாவட்டத்தில் வேலை கிடைத்தது. மகளின் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. எலுமிச்சை பூவிலிருந்து பழமாக ஐந்து, ஆறு மாதம் ஆகும். மாமா கிளம்பிய அன்று மரத்தில் கோலிகுண்டு அளவில் பத்தொன்பது காய். எண்ணியது அக்கா மகள். ஒன்றுகூடப் பறிக்கிற பக்குவத்தில் இல்லை.

நாலு வருடம் தண்ணீர் ஊற்றியவருக்கு ஒரு கிளாஸ் ஜூஸ் இல்லை. "கஷ்டமா இல்லையா மாமா?" என்று போனில் கேட்டேன். 2022 கோடையில் எலுமிச்சை கிலோ 200 ரூபாயைத் தாண்டியபோது, ஒரு பழத்தை நாலாக வெட்டி உபயோகித்த மனிதர் அவர்.

"காயப் பத்தி இல்ல மாப்ளே. ஆயா ஒருத்தி. கொழுந்து வர்றப்ப யாரு தெளிப்பாங்கன்னுதான்..." என்று இழுத்தார். டைரித் தாளைக் கிழித்து ஆயாவிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். ஆயாவுக்கு எழுத்து வாசனை கிடையாது. தாளை மடித்து வெற்றிலைப் பையில் வைத்துக்கொண்டாராம்.

ஆடி பிறந்து ஒரு வாரம் இருக்கும். மாமாவே போன் செய்தார். குரலில் சிரிப்பு தாங்கவில்லை. அந்த வீட்டுக்குப் புதிதாக மூன்று பையன்கள் குடிவந்திருக்கிறார்கள். பேச்சிலர்ஸ். டிப்ளமா முடித்து ஆலை வேலைக்கு வந்தவர்கள். பேச்சிலர்களுக்கு வீடு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆயா மூன்று கண்டிஷன் போட்டாராம். அட்வான்ஸ் மூன்று மாத வாடகை. ராத்திரி பத்து மணிக்கு மேல் பாட்டு கூடாது. மூன்றாவது, வெற்றிலைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டி, "இதுல இருக்குறபடி மரத்துக்குத் தெளிக்கணும். சம்மதம்னா சாவிய எடுத்துக்க."

அந்தப் பையன்களில் ஒருவன் தாளில் இருந்த நம்பருக்குப் போன் செய்திருக்கிறான். "அண்ணே, நீங்க யாருன்னு தெரியாது. அன்னபேதி, அன்னபேதின்னு எழுதியிருக்கே, அது எந்தக் கடையில கிடைக்கும்?"

மாமா கடைத்தெருவுக்கு வழி சொல்லிவிட்டு, மறக்காமல் இதையும் சொன்னாராம்:

"பச்சையா இருக்கான்னு பாத்து வாங்கு தம்பி. தெளிக்கிறப்ப வெள்ளைச் சட்டை போடாதே."